ஷவருக்குள்ளேயே உட்காரத் திண்ணை கட்டப் போகிறோம். எங்கே, எப்படி வைப்பது?

வெள்ளைச்சுவர்:
எல்லோருக்கும் வணக்கம். பழைய குளியலறையை மொத்தமாக உடைத்துப் புதிதாகச் செய்கிறோம். அறை 8 அடிக்கு 5 அடி. கடைசிச் சுவரை ஒட்டி 5 அடி அகலம், 3½ அடி ஆழம் ஷவருக்கு ஒதுக்கியாகிவிட்டது. படி, வரம்பு எதுவும் இல்லாமல் நேராக நடந்து உள்ளே போகிற மாதிரி இருக்கும். கதவும் வேண்டாம், ஒரு பக்கம் நிலையான கண்ணாடித் தடுப்பு மட்டும் போதும் என்று இருக்கிறோம்.

அம்மாவுக்கு 71 வயது. போன வருடம் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாகத்தான் நடக்கிறார், ஆனால் நின்றுகொண்டே குளித்தால் 5 நிமிடத்தில் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுப் பார்த்தோம். சோப்புத் தண்ணீரில் ஒரு நாள் அது சட்டென்று நகர்ந்துவிட்டது, நல்லவேளை விழவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவர் குளிக்கும்போதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டே இருக்கிறோம். அவருக்கும் அது பிடிக்கவில்லை.

கொத்தனார் மூலையில் செங்கல் வைத்து முக்கோணமாகத் திண்ணை கட்டி டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார். மனைவிக்கு அடியில் காலியாக இருக்கிற, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் பலகைதான் பிடித்திருக்கிறது. அப்பாவோ மடக்கி வைக்கிற இருக்கையே போதும் என்கிறார். எது சரி? எவ்வளவு உயரம் வைக்க வேண்டும்? ஷவருக்கு நேர் கீழே வைப்பதா, எதிரிலா? பைப் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது, அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

ரசமட்டம்:
முதலில் பைப் வேலையை நிறுத்தி வையுங்கள். 19 வருடமாக டைல்ஸ் வேலை செய்கிறேன். திண்ணை வைத்த குளியலறைகளில் நான் பார்த்த தப்புகளில் முக்கால்வாசி இந்த வரிசையில்தான் வந்தது: குழாய்க்காரர் வழக்கமான இடத்தில் வழக்கமான உயரத்தில் மிக்ஸரை (சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வருகிற குழாய்) வைத்துவிட்டுப் போய்விடுவார், அதற்கப்புறம் மிச்சமிருக்கிற இடத்தில் திண்ணை கட்டுவார்கள், கடைசியில் பார்த்தால் உட்கார்ந்தவருக்குக் குழாய் எட்டாது. எழுந்து நின்று திறந்துவிட்டு, மேலே விழுகிற குளிர்ந்த தண்ணீரில் நனைந்துகொண்டே திரும்பி வந்து உட்கார வேண்டும். யாருக்காகத் திண்ணை கட்டினோமோ அவரால் அதுதான் முடியாத காரியம்.

அதனால் திண்ணையின் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மிக்ஸர், கை ஷவர், தண்ணீர் வடிகிற ஜாலி, கண்ணாடி, சோப்பு மாடம், விளக்கு எல்லாம் அதற்கு அப்புறம். ஒரு ஸ்டூலைப் போட்டு அம்மாவை உட்கார வைத்து, கையை நீட்டச் சொல்லி, எட்டுகிற இடத்தில் சுவரில் பென்சிலால் குறி போடுங்கள். மிக்ஸர் அங்கேதான் வர வேண்டும்.

ஷவருக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம். உட்கார்ந்திருப்பவர் தலையில் ஓயாமல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தால் மூச்சு முட்டும், கண் திறக்க முடியாது. மேல் ஷவர் எதிர்ச் சுவரில் இருக்கட்டும். திண்ணை பக்கத்தில் கை ஷவர், மேலும் கீழும் நகர்த்துகிற கம்பியோடு. அதன் குழாய் 1½ மீட்டராவது இருந்தால்தான் முதுகு, கால் எல்லாம் எட்டும். மேல் ஷவருக்கும் கை ஷவருக்கும் தனித்தனி வால்வு வைத்துவிடுங்கள், ஒன்றைத் திறக்கப் போய் இன்னொன்று தலையில் கொட்டுகிற தொல்லை இருக்காது.

செலவு கொஞ்சம் கூடினாலும் மிக்ஸர் மட்டும் தெர்மோஸ்டாட் வைத்ததாக வாங்குங்கள். வீட்டில் வேறெங்காவது யாராவது குழாயைத் திறந்தால்கூட சூடு மாறாது. அதில் 38 டிகிரியில் ஒரு தடுப்பு இருக்கும், பொத்தானை அழுத்தினால்தான் அதற்கு மேல் திரும்பும். நிற்பவர் சுடுதண்ணீர் பட்டால் சட்டென்று விலகிவிடுவார், உட்கார்ந்திருப்பவரால் அது முடியாது. 60 டிகிரித் தண்ணீர் ஒரு சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும்.

நடைவண்டி:
நான் இயன்முறை மருத்துவர். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவர்களோடு தினமும் வேலை செய்கிறேன், அதனால் கட்டட வேலையை விட்டுவிட்டு எழுந்திருப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உட்காருவது எளிது. எழுந்திருப்பதுதான் சிரமம்.

இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். முதலில் என்ன செய்தீர்கள்? பாதத்தைப் பின்னுக்கு இழுத்தீர்கள். குதிகால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் போனால்தான் உடம்பின் எடை பாதத்துக்கு மேல் வரும், எழ முடியும். தரையிலிருந்தே செங்கல் வைத்துக் கட்டி முன்பக்கத்தை முழுக்க அடைத்த திண்ணையில் குதிகால் சுவரில் முட்டி நிற்கும், பின்னால் போகாது. அப்போது என்ன ஆகும் என்றால் உடம்பை முன்னால் வீசி எழ வேண்டியிருக்கும், அதுவும் ஈரத் தரையில். உங்கள் மனைவி சொல்கிற அடியில் காலியான பலகை அழகுக்காக மட்டும் நல்லதில்லை, உங்கள் அம்மாவின் முழங்காலுக்கே அதுதான் நல்லது. முழுப் பலகையின் அடியும் காலியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கீழே 4 இன்ச் உள்வாங்கி இருந்தாலே குதிகாலுக்கு இடம் கிடைத்துவிடும்.

முக்கோண மூலைத் திண்ணை இவருக்கு வேண்டாம். காலை மழிக்கவோ, பாதத்தைத் தூக்கி வைத்துத் தேய்க்கவோ அது போதும், ஒரு பெரியவர் 10 நிமிடம் உட்கார்ந்து குளிக்க அது பற்றாது. தொடைக்குத் தாங்கல் கிடைக்காது, இரண்டு பக்கமும் கையை ஊன்ற இடமும் இருக்காது.

உயரம்: அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு அணுகல் தரநிலையில் ஷவர் இருக்கைக்கு 17 முதல் 19 இன்ச் என்று இருக்கிறது. ஆழம் 15, 16 இன்ச். அது பொது இடத்தில் வந்து போகிற எல்லோருக்குமான கணக்கு. வீட்டில் ஒருவருக்காகக் கட்டும்போது அவரையே அளந்துவிடலாம். செருப்பில்லாமல் நின்று, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை எவ்வளவு என்று பாருங்கள். அதோடு ஒரு இன்ச், முழங்கால் பலவீனமென்றால் 2 இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். தாழ்வான இருக்கையிலிருந்து எழ முழங்கால் அதிகம் மடங்க வேண்டும், வலியும் அதிகம். அதற்காக ரொம்ப உயர்த்தினால் பாதம் தரையில் பதியாது, வழுக்கும். முடிந்த தரையிலிருந்து அளக்க வேண்டும், இப்போது இருக்கிற கான்கிரீட்டிலிருந்து இல்லை.

கைப்பிடி கட்டாயம் வேண்டும். தரையிலிருந்து 33 முதல் 36 இன்ச் உயரத்தில் படுக்கைவாக்கில் ஒன்று, திண்ணையின் முன்விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் நெட்டாக ஒன்று. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே 1½ இன்ச் இடைவெளி விடுங்கள். அதற்கு மேல் இருந்தால் கை வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். துண்டு போடுகிற கம்பியைக் கைப்பிடியாக நினைக்காதீர்கள், உறிஞ்சி ஒட்டுகிற ரப்பர் கைப்பிடியும் வேண்டாம், அது எப்போது விடும் என்று சொல்ல முடியாது.

ஒரு கேள்வி. அம்மாவுக்கு எந்தக் கை உறுதி? திண்ணை எந்தச் சுவரில் வருகிறது?

ஈரக்கால்:
நாங்கள் 6 வருடம் முன்பு கட்டினோம், நான்தான் தினமும் அதில் உட்கார்ந்து குளிக்கிறேன். இடுப்பில் பிரச்சினை. பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் கட்டியது செங்கல் திண்ணைதான். அப்போது வேலை செய்தவர் தரைக்கும் சுவருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் அடித்தார், திண்ணையை மட்டும் அதற்கு மேல் வெறும் பூச்சோடு கட்டி டைல்ஸ் ஒட்டிவிட்டார். மேற்பரப்பு ரசமட்டம் வைத்துப் பார்த்த மாதிரி சமமாக இருந்தது, பார்க்கவும் அழகாக இருந்தது. ஆனால் குளித்து முடித்த பிறகும் ஓரத்தில் விரல்நகம் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும். தினமும் துடைப்பேன். ஏழெட்டு மாதத்தில் முன்விளிம்பில் கிரவுட் (டைல்ஸ் இடுக்குகளை நிரப்புகிற கலவை) கறுத்து, மயிரிழைபோல ஒரு கோடு விழுந்தது. அதற்கப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம், படுக்கையறையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. தொட்டால் மாவுபோல் உதிரும். உடைத்துப் பார்த்தபோது உள்ளே செங்கல் பஞ்சுபோல் தண்ணீர் குடித்து வைத்திருந்தது, ஒரு வாடை வேறு. மொத்தத்தையும் எடுத்துவிட்டோம்.

இரண்டாவது முறை கல் பலகை. ஒரே துண்டு, மேலே இணைப்பே கிடையாது. முன்பக்கம் லேசாகச் சரிவு, தண்ணீர் தானாக ஓடிவிடும். விளிம்பை உருட்டச் சொன்னோம், இல்லையென்றால் தொடையின் அடியில் வெட்டுகிற மாதிரி இருக்கும். பாலிஷ் போட்ட கல்லை வாங்காதீர்கள், சோப்போடு உட்கார்ந்தால் முன்னால் சறுக்கும். நாங்கள் மேட் கிரானைட் போட்டோம். பளிங்கு பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அமிலம் கலந்த கழுவும் திரவம் பட்டால் அரித்துவிடும்.

கல் உட்காரும்போது குளிரும், அது உண்மை. முதலில் கை ஷவரால் ஒரு நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரைக் கல்மேல் ஊற்றிவிட்டு உட்காருவேன்.

சோப்பு மாடம் முதுகுக்குப் பின்னால் வைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் இடுப்பைத் திருகி எடுக்க வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால் தோள் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, பக்கச் சுவரில் வரட்டும்.

கண்ணாடிக் கதவு வேண்டாம் என்று முடிவு செய்தது ரொம்ப சரி. ஷவருக்குச் சரி, குளியலறையின் வெளிக்கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? உள்பக்கம் திறக்கிற கதவென்றால், ஒருவர் உள்ளே விழுந்து கதவை ஒட்டிக் கிடந்தால் வெளியே இருப்பவரால் திறக்கவே முடியாது. எனக்கு அப்படி ஒரு முறை நடந்தது. 20 நிமிடம் ஆனது என்னை வெளியே எடுக்க. கதவை வெளியே திறக்கிற மாதிரி மாற்றுங்கள், தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயம் வைத்துத் திருகித் திறக்கிற வகையாக இருக்கட்டும்.

வெள்ளைச்சுவர்:
இத்தனை விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. குழாய்க்காரரிடம் ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் வெறும் கான்கிரீட் தரையில் சாக்கட்டியால் எல்லாவற்றையும் வரைந்தோம். நான்கு சிமென்ட் கல்லை அடுக்கி மேலே ஒரு பலகை போட்டு அம்மாவை உட்கார வைத்தோம். முழங்கால் மடிப்பு 16½ இன்ச். 17-ல் எழ முடிந்தது, ஆனால் முகத்தைச் சுளித்தார். ஒரு அட்டையை மடித்து வைத்து 18½ ஆக்கியதும் ஒரே மூச்சில் எழுந்தார். பிறகு பலகைக்கு அடியில் முன்பக்கம் ஒரு கல்லை நிறுத்தி அடைத்துவிட்டு எழச் சொன்னேன். இரண்டு முறை முயன்று மூன்றாவது முறை என் தோளைப் பிடித்துக்கொண்டார். நடைவண்டி சொன்னதை அப்போதுதான் முழுக்கப் புரிந்துகொண்டேன். கொத்தனாரும் பக்கத்தில் நின்று பார்த்தார், அவரே மூலைத் திண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு வலது கைதான் உறுதி. நாங்கள் நினைத்திருந்தது உள்ளே நுழைந்ததும் இடதுபக்கச் சுவர். அங்கே உட்கார்ந்தால் வலது கைப் பக்கம் கண்ணாடிதான் வருகிறது, அதில் கைப்பிடி போட முடியாது. வலதுபக்கச் சுவருக்கு மாற்றினால் கடைசிச் சுவர் அவருடைய வலது கைப் பக்கம் வந்துவிடுகிறது. மிக்ஸர், கை ஷவர், கைப்பிடி மூன்றும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம் இல்லையா?

சிக்கல் என்னவென்றால் அந்த வலதுபக்கச் சுவர் ஓட்டைக் கல் வைத்துக் கட்டிய 4 இன்ச் தடுப்புச் சுவர். பலகையைத் தாங்குமா?

நடைவண்டி:
வலதுபக்கமே வையுங்கள். நீங்கள் சொல்வது மிகச் சரி. நெட்டுக் கைப்பிடியைச் சாக்கட்டிக் கோட்டில் அவரே கையை வைத்துக் காட்டட்டும், அங்கே போடுங்கள். உங்கள் அப்பாவும் ஒரு முறை உட்கார்ந்து பார்க்கட்டும்.

ரசமட்டம்:
ஓட்டைக் கல் சுவரில் வெறும் ஆங்கர் போல்ட் அடித்துப் பலகையைத் தொங்கவிடக் கூடாது. ஆள் உட்காருகிற ஒவ்வொரு முறையும் முன்விளிம்பில் எடை இறங்கி, பின்னால் இருக்கிற போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும். இன்று விழாது. மெதுவாகத் தளர்ந்து, முதலில் சுவர் ஓரத்து இடுக்கை அடைக்கிற சிலிகான் பசை விட்டு, தண்ணீர் உள்ளே போகும்.

உங்கள் இடத்துக்குச் சுலபமான வழி இருக்கிறது. பலகை 3½ அடி நீளம், 16 இன்ச் ஆழம். கடைசிச் சுவர்ப் பக்கத்து முனையைச் சுவருக்குள் செதுக்கி உட்கார வையுங்கள், அந்தச் சுவர் கெட்டியானதுதானே. கண்ணாடிப் பக்கத்து முனைக்கு அதே கல்லில் ஒரு நிற்கும் பலகையைக் காலாகக் கொடுங்கள். நடுவில் பின்னோரத்தைத் தாங்க ஒரு துருப்பிடிக்காத எஃகுச் சட்டம். கல் 30 மில்லிமீட்டர் கனம் போடுங்கள், மெல்லியது வேண்டாம். குதிகால் போகிற இடம் முழுக்கக் காலியாகத்தான் இருக்கும், எடையும் சுவரைப் பிடித்துத் தொங்காமல் தரைக்கு இறங்கும். கைப்பிடிக்கும் அந்தக் கெட்டிச் சுவர் கிடைத்தது அதிர்ஷ்டம். தரநிலைகளில் கைப்பிடியும் இருக்கையும் 250 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 113 கிலோ தாங்க வேண்டும் என்று இருக்கிறது. அதற்குக் குறையாமல் செய்யச் சொல்லுங்கள்.

இனி தண்ணீர். ஈரக்கால் வீட்டில் நடந்ததை நான் பல வீடுகளில் உடைத்துப் பார்த்திருக்கிறேன். டைல்ஸும் கிரவுட்டும் தண்ணீரை நிறுத்துவதில்லை, அவை மேலே இருக்கிற சட்டை மாதிரி. நிறுத்துவது அடியில் இருக்கிற வாட்டர்ப்ரூஃபிங்தான். தரை முழுக்க, சுவரில் ஷவர் உயரம் வரை, மூலைகளில் பட்டை வைத்து அடியுங்கள். பலகை செருகுகிற பள்ளத்துக்குள்ளேயும் அடிக்க வேண்டும், போல்ட் ஓட்டைகளை அடைக்க வேண்டும், எல்லோரும் விட்டுவிடுகிற இடம் அதுதான். காய்ந்ததும் ஜாலியை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி 24 மணி நேரம் விடுங்கள். மட்டத்தைப் பென்சிலால் குறித்து வைத்துவிட்டு மறுநாள் வந்து பாருங்கள், கீழ்த்தளத்துக் கூரையையும் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு டைல்கூட ஒட்ட விடாதீர்கள்.

தரையின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, அடிக்குக் கால் இன்ச். உங்கள் 3½ அடிக்கு ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் வரும். நீளமான ஜாலியைக் கடைசிச் சுவரை ஒட்டி வைத்தால் தரை முழுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்தால் போதும், தண்ணீர் வாசலை விட்டு விலகி ஓடும். நடுவில் ஜாலி வைத்தால் நாலு பக்கமும் வாட்டம் கொடுக்க வேண்டும், கால் வைக்கிற இடமெல்லாம் சாய்வாக இருக்கும், முழங்கால் சரியில்லாதவருக்கு அது நல்லதில்லை. பலகைக்கும் இதே கணக்குத்தான், 16 இன்ச்சுக்கு 8 மில்லிமீட்டர், உட்காருபவருக்குத் தெரியவே தெரியாது.

படியில்லாத ஷவர் என்பதால் அந்தப் பகுதியில் தரையைத் தாழ்த்த வேண்டும். உடைத்துப் போட்டிருக்கிற இப்போதுதான் அதற்கு நேரம்.

தரைக்குச் சின்ன டைல்ஸ் போடுங்கள், 2 இன்ச் அளவு. இணைப்புகள் நிறைய வருவதால் பாதம் பிடிக்கும். வாங்கும்போது வழுக்காத தன்மையைக் காட்டுகிற ஆர் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அது செருப்புக் காலுக்கான சோதனை. வெறுங்காலுக்குத் தனிச் சோதனை இருக்கிறது, முன்பு ஜெர்மனியின் டின் 51097 என்ற தரநிலையில் இருந்தது, ஏ, பி, சி என்று மூன்று வகை. ஷவருக்கு பி. கிரவுட் எபாக்ஸியாக (சிமென்ட்டுக்குப் பதில் பிசின் கலந்த வகை) இருந்தால் எளிதில் கறுக்காது, ஆனால் சுவரும் தரையும் சேருகிற மூலைகளில் கிரவுட் வேண்டாம், சிலிகான்தான்.

மழைத்துளி:
மடக்கு இருக்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. 3 அடிக்கு 3 அடி மாதிரிச் சின்ன ஷவரென்றால் அதுதான் சரி, நிற்பவருக்கும் இடம் விடும். அதற்கும் பின்னால் கெட்டிச் சுவர் வேண்டும், ஓட்டைக் கல்லில் முடியாது. உங்களுக்கு 5 அடி அகலம் இருக்கிறது, பலகை போக 3 அடி 8 இன்ச் மிச்சம். மடக்கத் தேவையே இல்லை.

வெள்ளைச்சுவர்:
இன்று எல்லாம் முடிவாகிவிட்டது. வலதுபக்கச் சுவரில் பலகை, முடிந்த தரையிலிருந்து 18½ இன்ச். கண்ணாடி பலகைப் பக்கம் 28 இன்ச், நடந்து போக 32 இன்ச். மேல் ஷவர் இடதுபக்கச் சுவரில், அதன் வால்வு வாசல் பக்கத்தில், வெளியே நின்றே திறக்கிற மாதிரி. கை ஷவரும் மிக்ஸரும் அம்மா தானே பென்சிலால் குறித்த இடத்தில். சோப்பு மாடம் அதற்குப் பக்கத்தில். அப்பா 18½ உயரத்தில் உட்கார்ந்து பார்த்தார், பாதம் நன்றாகப் பதிகிறது, மடக்கு இருக்கையைப் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை. வெளிக்கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டத் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது, ஈரக்கால், அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

தண்ணீர் தேக்கி வைத்த அன்று மட்டத்தைக் குறித்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.